மடிப்பு நின்றது, வெண்மை நிற்கவில்லை



சென்ற மாதம் ரப்பரைப் பற்றி எழுதிய பதிவைப் படித்துவிட்டு, பத்தாம் வகுப்பில் என்னிடம் வேதியியல் படித்த பெண் ஒருத்தி கேட்டிருந்தாள்: "சார், பார்லரில் முடியை நேராக்குகிறார்களே, அது மறுநாள் தலைக்குக் குளித்தாலும் கலையாமல் இருப்பது எப்படி?" நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் ஆட்டுக்குப் போக வேண்டும். ஆட்டிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும், அங்கிருந்து பழைய ரோமாபுரிக்கும் போக வேண்டியிருக்கும். கொஞ்சம் நீளமான பதிவு. காபி குடித்துவிட்டு உட்காருங்கள்.

நம் தலைமுடி, ஆட்டு ரோமம், நகம், மாட்டுக் கொம்பு எல்லாமே கெரட்டின் என்ற புரதம். நீண்ட சங்கிலிகள் அருகருகே ஓடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை ஏணிப்படி போலக் குறுக்கே கட்டி வைத்திருப்பவை இரண்டு வகை. ஒன்று ஹைட்ரஜன் பிணைப்பு. இது பசை தடவி ஒட்டிய காகிதம் மாதிரி. நனைந்தால் விட்டுவிடும், காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்து நிற்கும் டைசல்ஃபைடு பிணைப்பு. இது தச்சர் அடித்த ஆணி. தண்ணீருக்கு அசையாது. கம்பளியின் எடையில் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு கந்தகம். முடி கருகினால் வரும் நாற்றத்தில் இதற்கும் பங்குண்டு.

கம்பளிக் கால்சட்டையை இஸ்திரி போட்டால் கத்தி மாதிரி மடிப்பு நிற்கும். மழையில் ஒரு தடவை நனைந்தால் போயிற்று. காரணம், இஸ்திரிப் பெட்டி மாற்றி ஒட்டியது பசையை மட்டும்தான். ஆணிகள் பழைய இடத்திலேயே இருக்கின்றன. ஈரம் பட்டதும் துணி தன் பழைய உருவத்துக்கே திரும்பிவிடுகிறது.

கால்சட்டைக்கு நடுவில் மடிப்பு வைப்பதே பெரிய பழமையான வழக்கமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் அது ஆண்களின் நாகரிகமாயிற்று. அதன்பின் உலகம் முழுக்க ஆண்கள் பட்ட பாடு இருக்கிறதே! நம் ஊரில் பித்தளைச் செம்பில் கங்கு போட்டுத் தேய்த்தார்கள். கால்சட்டையை மடித்து மெத்தைக்கு அடியில் வைத்து அதன்மேல் படுத்தார்கள். என் தலைமுறையினர் பலருக்கு இது நினைவிருக்கும்.

ஆணியைப் பிடுங்கி வேறு இடத்தில் அடிக்க முடியுமா என்று முதலில் முறையாக யோசித்த இடம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம். யார்க்‌ஷயர் கம்பளி ஆலைகளின் நடுவே இருந்த பல்கலைக்கழகம் அது. 1930-களில் அங்கே வில்லியம் ஆஸ்ட்பரி கம்பளி இழையை இழுத்தும் தளர்த்தியும் எக்ஸ்ரே படம் எடுத்தார். தளர்ந்திருக்கும்போது சங்கிலி சுருண்டும், இழுத்தால் நீண்டும் இருப்பதை அந்தப் படங்கள் காட்டின. புரதங்களின் வடிவத்தைப் பற்றி இன்று பாடப்புத்தகத்தில் படிப்பதற்கெல்லாம் ஒரு தொடக்கம் அங்கே இருக்கிறது. அதே லீட்ஸில் ஸ்பீக்மன் என்பவர், இழுத்து நீட்டிய இழையை நீராவியில் வைத்தால் கந்தகப் பிணைப்புகள் அறுந்து, சங்கிலிகள் இடம் மாறி, புதிய இடத்தில் மறுபடி பிணைகின்றன என்று விளக்கினார். அப்படி வந்த உருவம் நனைந்தாலும் போவதில்லை. ஆலைக்காரர்களுக்குக் காரணம் தெரியாவிட்டாலும் காரியம் தெரியும். கம்பளித் துணியை இறுகச் சுற்றிக் கொதிநீரில் போட்டு 'அமைத்து' எடுப்பது பழைய வழக்கம். ஆனால் தைத்து முடித்த கால்சட்டையைக் கொதிநீரில் போட முடியுமா? சுருங்கிப் போய்விடும்.

இந்த அறிவை முதலில் பெரிதாகப் பயன்படுத்தியது ஆலைகள் அல்ல, முடிதிருத்தும் கடைகள். 1906-இல் லண்டனில் கார்ல் நெஸ்லர் என்ற ஜெர்மானியர் காரத்தையும் சூட்டையும் வைத்துப் பெண்களின் முடியைச் சுருட்டிக் காட்டினார். மணிக்கணக்கில் சூடான உலோக உருளைகளைத் தலையில் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார வேண்டும். 1940-களில் சூடில்லாமலே சுருட்டும் முறை பரவியது. அதற்கான மருந்து அம்மோனியம் தயோகிளைகோலேட். அது கந்தக ஆணியைப் பிடுங்கும். முடியை உருளையில் சுற்றிய பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஒன்றைத் தடவினால் ஆணி மறுபடி இறங்கும். சுருட்டுவதும் நேராக்குவதும் ஒரே வேலைதான். எந்த உருவத்தில் பிடித்து வைத்து ஆணி அடிக்கிறோம் என்பதுதான் வித்தியாசம். என் மாணவி கேட்ட கேள்விக்கு விடை இதுவே. கதை இனிமேல்தான் இருக்கிறது.

ஆஸ்திரேலியா ஆட்டின் முதுகில் சவாரி செய்கிறது என்று அந்த நாட்டில் ஒரு பேச்சு வழக்கு உண்டு. மிகைப்பேச்சில்லை. 1950-51-இல், கொரியப் போர் நேரம், ஒரு பவுண்டு எடைக் கம்பளி ஒரு பவுண்டு பணத்துக்குக்கூட விற்றது. அந்த ஆண்டு நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் கம்பளி. அடுத்த ஆண்டே விலை ஏறக்குறைய பாதியாக விழுந்தது.

விலை ஏறி இறங்குவது அவர்களுக்குப் பழக்கம்தான். பயம் வேறு இடத்திலிருந்து வந்தது. 1941-இல் மான்செஸ்டரில் வின்ஃபீல்ட், டிக்சன் என்ற இருவர் கண்டுபிடித்த பாலியெஸ்டர், போர் முடிந்தபின் டெரிலின் என்ற பெயரில் கடைக்கு வந்தது. டெரிலின் எப்படிப்பட்ட மாயமாக இருந்தது என்பது அறுபதைத் தாண்டியவர்களுக்குத் தெரியும். அது சூட்டில் இளகும் பொருள். சூடாக்கி மடித்து ஆறவைத்தால் மடிப்பு அங்கேயே உறைந்துவிடும். துவை, உதறு, கொடியில் போடு, மாட்டிக்கொள். இஸ்திரியே வேண்டாம். இந்த ஒரு வசதிக்காக உலகம் ஆட்டைக் கைவிட்டுவிடுமோ என்று மேய்ச்சல்காரர்கள் நடுங்கினார்கள். அதில் நியாயமும் இருந்தது.

இங்கே அவர்கள் செய்த ஒரு காரியத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். 1936 முதலே, விற்கும் ஒவ்வொரு கம்பளிப் பொதிக்கும் ஆறு பென்ஸ் தாங்களே வரி கட்டி, கம்பளியின் விளம்பரத்துக்கும் ஆராய்ச்சிக்கும் கொடுத்துவந்தார்கள். விதி என்று தலையில் கை வைத்து உட்காரவில்லை. நாட்டின் அறிவியல் நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ 1940-களின் இறுதியில் மெல்போர்ன், ஜீலாங், சிட்னி பகுதிகளில் கம்பளிக்கென்றே மூன்று ஆய்வகங்களை அமைத்தது. அந்நிறுவனத்தின் தலைவர் இயன் குளூனிஸ் ராஸ் ஒரு கால்நடை மருத்துவர். ஆட்டுக்கு வரும் ஒட்டுண்ணிகளை ஆராய்ந்தவர், கம்பளிக்காக ஊர் ஊராகப் பேசியவர். பின்னாளில் ஆஸ்திரேலியாவின் ஐம்பது டாலர் நோட்டில் அவர் முகத்தை அச்சிட்டார்கள். இரண்டு டாலர் நோட்டில் மெரினோ கிடாய் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நோட்டில் யாரைப் போடுகிறார்கள் என்று பார்த்தாலே ஒரு நாடு எதைத் தின்று வளர்ந்தது என்று தெரிந்துவிடும்.

அந்த நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்தர் ஃபார்ன்வொர்த் 1957-இல் ஒரு முறையைக் கொண்டுவந்தார். தைத்து முடித்த கம்பளிக் கால்சட்டையில், மடிப்பு வரவேண்டிய கோட்டின்மேல் நீர்த்த தயோகிளைகோலேட் கரைசலைத் தெளிப்பது. ஆம், அதே பார்லர் மருந்து. தெளித்த கையோடு நீராவி இஸ்திரி இயந்திரத்தில் வைத்து அழுத்துவது. அவ்வளவுதான். மருந்து ஆணியைப் பிடுங்குகிறது. நீராவி சங்கிலிகளை நகர்த்துகிறது. மடித்த நிலையிலேயே அவை மறுபடி பிணைகின்றன. எந்தப் பிணைப்புக்கு எவ்வளவு பங்கு என்று விஞ்ஞானிகள் நெடுநாள் வாதாடினார்கள். ஃபார்ன்வொர்த்தே ஹைட்ரஜன் பிணைப்புகளுக்கு அதிக மதிப்புக் கொடுத்தவர். வாதம் ஒருபக்கம் நடக்கட்டும், மடிப்பு நின்றது. மழையில் நனைந்தாலும் நின்றது.

சிஎஸ்ஐஆர்ஓ என்ற பெயரின் நடுவிலிருந்து எழுத்துகளை உருவி இதற்கு 'சை-ரோ-செட்' என்று பெயர் வைத்தார்கள். பெரிய ஆலை தேவையில்லை, புதிய இயந்திரம் தேவையில்லை. தையல் தொழிற்கூடத்தில் ஏற்கெனவே இருக்கும் நீராவி இஸ்திரியும் ஒரு தெளிப்பானும் போதும். இந்த எளிமைதான் அதன் வெற்றி என்பது என் எண்ணம். பெண்களின் கொசுவப் பாவாடைகளுக்கும் இது வந்தது. மடித்த இரண்டு அட்டைகளுக்கு நடுவில் துணியை வைத்து மடித்து நீராவி காட்டினால், விசிறி மாதிரி நூறு மடிப்பும் அப்படியே நிற்கும்.

தொந்தரவும் இருந்தது. தயோகிளைகோலேட்டின் நாற்றம் சகிக்காது. பார்லரில் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாள் முழுக்க அதன் ஆவிக்கு முன் நின்று இஸ்திரி போட்டவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். தவறான இடத்தில் மடிப்பு விழுந்தால் அதுவும் நிரந்தரம். மறுபடி மருந்து தெளித்துத்தான் அழிக்க வேண்டும். நாற்றத்துக்கு மாற்றாகப் பின்னர் சோடியம் பைசல்ஃபைட் போன்ற சல்ஃபைட் உப்புகளுக்கு மாறினார்கள். பைசல்ஃபைட் என்றால் என்ன? கந்தகத்தை எரித்தால் வரும் வாயுவை, சல்ஃபர் டை ஆக்சைடை, சோடா கலந்த நீரில் பிடித்து வைத்தது போல. இந்த இடத்தில்தான் கதை இரண்டாயிரம் ஆண்டு பின்னால் போகிறது. அதே வாயுவை வைத்துத்தான் ரோமானியர்கள் கம்பளியை வெளுத்தார்கள்.

பழைய ரோமில் பருத்தி அரிது. பெரிய மனிதர்களின் உடையான டோகா கம்பளி. ஆட்டு ரோமம் இயற்கையில் பால் வெள்ளை கிடையாது. லேசான சந்தன மஞ்சள். தேர்தலில் நிற்பவர்கள் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று டோகாவில் வெண்களிமண் தேய்த்துக்கொண்டு ஓட்டுக் கேட்கப் போவார்கள். 'வெள்ளை உடுத்தியவர்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான் வேட்பாளரைக் குறிக்கும் 'கேண்டிடேட்' என்ற ஆங்கிலச் சொல். வேட்பாளரும் வெள்ளை உடுப்பும் நம் ஊரில் மட்டுமே உள்ள சங்கதி என்று நினைத்தவர்கள் திருத்திக்கொள்ளவும்.

சலவைக்கூடத்தில் முதலில் புளித்த சிறுநீரில் மிதித்துத் துவைப்பார்கள். அதிலுள்ள அம்மோனியா எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும். வெஸ்பாசியன் என்ற பேரரசர் இந்தச் சிறுநீருக்கே வரி போட்டவர். பிறகு மூங்கில் கோழிக்கூடு போன்ற ஒரு பிரம்புக் கூண்டின்மேல் ஈரத்துணியை விரித்து, அடியில் கந்தகச் சட்டியை வைத்துப் புகை காட்டுவார்கள். பாம்பேயி நகரில் ஒரு சலவைக்கூடத்து ஓவியத்தில், ஒருவன் அந்தக் கூண்டைத் தூக்கிக்கொண்டு கையில் சட்டியோடு வருகிறான்; கூண்டின்மேல் ஓர் ஆந்தை உட்கார்ந்திருக்கிறது. சலவைத் தொழிலின் காவல் தெய்வமான மினர்வாவின் பறவை. அந்தச் சுவரோவியம் இன்று நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இரண்டாம் நூற்றாண்டில் அப்புலேயஸ் எழுதிய கதைப் புத்தகத்தில் ஒரு வேடிக்கை வரும். சலவைக்காரர் திடீரென்று வீட்டுக்கு வந்துவிட, மனைவி தன் கள்ளக் காதலனை அந்தக் கந்தகக் கூண்டுக்குள் ஒளித்துவைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் போலச் சாப்பிட உட்காருகிறாள். உள்ளே இருப்பவனுக்குத் தும்மல் வருகிறது. கணவன் முதலில் மனைவிதான் தும்மினாள் என்று எண்ணி, அந்த ஊர் வழக்கப்படி வாழ்த்துச் சொல்கிறான். தும்மல் நிற்கவில்லை. கூண்டைத் திறந்து பார்த்தால் அவன் மூச்சு முட்டிக் குற்றுயிராகக் கிடக்கிறான். சிரிக்க வைக்கும் கதைதான். ஆனால் அந்தப் புகையில் தினமும் வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் அடிமைகள். அவர்களைப் பற்றி யாரும் கதை எழுதவில்லை.

இந்த முறை இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் வந்தது என்றால் நம்புவீர்களா? இங்கிலாந்தில் கம்பளிப் போர்வைகளை ஈரத்தோடு ஓர் அறையில் தொங்கவிட்டு, கந்தகத்தைக் கொளுத்திவைத்து, கதவைச் சாத்திவிட்டு இரவு முழுக்க விட்டுவிடுவார்கள். குறை ஒன்றுதான். சல்ஃபர் டை ஆக்சைடு மஞ்சளை நீக்குவதில்லை, மறைத்து வைக்கிறது. சில தடவை துவைத்தால் மஞ்சள் மெல்லத் திரும்பி வந்துவிடும்.

நவீன வேதியியல் இதைத் தீர்க்கும் என்று எதிர்பார்க்கலாம் அல்லவா? பருத்திக்கும் லினனுக்கும் தீர்த்தது. 1785-இல் பெர்த்தொலே குளோரின் வெளுப்பைக் கொண்டுவந்தார். அதே குளோரின் நீரைக் கம்பளியில் ஊற்றினால் வெளுக்காது. மஞ்சளாகி, வலுவிழந்து, கரைந்தே போய்விடும். ஆய்வகத்தில் வெளுப்பு நீர் உள்ள கண்ணாடிக் குவளையில் வெள்ளைப் பருத்தி நூலையும் கம்பளி நூலையும் போட்டு உங்களுக்குக் காட்டியிருக்கிறேன். மணி அடிப்பதற்குள் கம்பளியைக் காணோம், பருத்தி மட்டும் கிடக்கும். "சார், ஆடு எங்கே?" என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வந்த வகுப்பு எது என்று அந்தக் குரலுக்கு உரியவருக்குத் தெரியும்.

1818-இல் தெனார் கண்டுபிடித்த ஹைட்ரஜன் பெராக்சைடுதான் கம்பளிக்கு ஒத்துவந்தது. லேசான காரம், மிதமான சூடு, சில மணி நேரப் பொறுமை. மஞ்சள் நிறமியையே சிதைப்பதால் இந்த வெண்மை கந்தக வெண்மையைவிட நிற்கும். இன்றைக்கும் ஆலைகளில் இதுவே முதல் மருந்து. அதன்பின் சல்ஃபைட் வகையில் ஒரு முழுக்கு.

அடுத்து வந்தது கண்ணை ஏமாற்றும் வித்தை. 1929-இல் பால் கிரைஸ் என்ற ஜெர்மன் வேதியியலாளர், குதிரைச் செஸ்ட்நட் மரத்தின் சாற்றிலுள்ள ஒரு பொருள் துணியில் ஏறினால், கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருவதைக் கவனித்தார். மஞ்சளோடு நீலம் சேர்ந்தால் கண்ணுக்கு வெள்ளை. நம் வீட்டில் வேட்டிக்கு நீலம் போடுவதும் இந்தக் கணக்கிலேயே. ஆனால் நீலம் வெளிச்சத்தைக் குறைக்கும், இது கூட்டும். இன்று சலவைத்தூள் பெரும்பாலானவற்றில் இவ்வகை ஒளியூட்டிகள் இருக்கின்றன.

கம்பளியில் இதைப் போட்டபோது வந்தது வினை. கம்பளிப் புரதத்தில் டிரிப்டோஃபேன் போன்ற சில அமினோ அமிலங்கள் புற ஊதா ஒளி பட்டால் சிதைந்து மஞ்சளாகும். ஒளியூட்டி ஏற்றிய கம்பளி இன்னும் வேகமாக மஞ்சளாகிறது. ஈரமாக வெயிலில் கிடந்தால் கேட்கவே வேண்டாம். முதல் நாள் கடையில் பால் வெள்ளை, துவைத்துக் கொடியில் காயப்போட்ட சில நாளில் பழைய செய்தித்தாள். விசித்திரம் என்னவென்றால், வெயிலிலுள்ள நீல ஒளி மட்டும் பட்டால் கம்பளி வெளுக்கிறது. அதிலேயே உள்ள புற ஊதா அதை மஞ்சளாக்குகிறது. மடிப்பை வென்ற அதே சிஎஸ்ஐஆர்ஓ பல பத்தாண்டுகள் இதில் மோதிப் பார்த்தது. முழு வெற்றி கிடைக்கவில்லை. உலகத்திலேயே வெயில் கொட்டும் நாடுகளில் ஒன்றின் முதன்மைச் சரக்கு, வெயில் ஆகாத இழை!

இதன் விலையைக் கிரிக்கெட் மைதானத்தில் பார்க்கலாம். ஆட்டக்காரர்களின் கால்சட்டையை அந்தக் காலத்தில் 'ஃபிளானல்' என்பார்கள். அது கம்பளித் துணி, பாலாடை நிறம். 1934-இல் சேப்பாக்கத்தில் நடந்த முதல் டெஸ்ட் காலத்துப் படங்களைப் பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் எல்லாம் வெள்ளைதான், நிஜத்தில் அப்படி இல்லை. பாலியெஸ்டர் வந்தபின் மைதானம் கண்கூசும் வெள்ளையாயிற்று. பழைய பாலாடை நிறம் அழுக்காகத் தெரிய ஆரம்பித்தது. கம்பளி அங்கிருந்து வெளியேறியது.

மடிப்பு விஷயத்திலும் எதிரியை விரட்டியதாகச் சொல்ல முடியாது. சந்தை இரண்டையும் கலந்துவிட்டது: பாலியெஸ்டர் 55, கம்பளி 45 என்ற பங்கு பெயர்பெற்றது. நம் மாப்பிள்ளைமார் வரவேற்புக்குப் போட்ட 'டெரிவுல்' கோட்டு சூட்டு இந்தக் குடும்பம்தான். இன்று உலகம் உற்பத்தி செய்யும் இழைகளில் கம்பளி நூற்றுக்கு ஒன்று அளவே. ஆனாலும் நல்ல சூட்டு என்றால் இன்றும் கம்பளிதான் என்ற பெயர் போகவில்லை என்றால், ஆறு பென்ஸ் கொடுத்த மேய்ச்சல்காரர்களுக்கும் ஃபார்ன்வொர்த்துக்கும் அதில் பங்குண்டு. அரசு ஆய்வகம் என்றாலே பணம் வீண் என்று பேசுகிறவர்கள் என் உறவிலும் இருக்கிறார்கள். அவர்கள் இந்தப் பத்தியை மட்டும் இரண்டு தடவை படிக்கவும்.

கடைசியாக, கேட்கப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே பதில். பீரோவில் கம்பளிச் சால்வையோ ஸ்வெட்டரோ இருந்தால் வெளுப்பு நீர், பிளீச்சிங் பவுடர் எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். துணியில் தைத்த சீட்டில் முக்கோணத்தின்மேல் பெருக்கல் குறி இருந்தால் அதற்கு அர்த்தம் இதுதான். வெள்ளைக் கம்பளியைப் 'பளிச்' சலவைத்தூளில் ஊறவைக்காதீர்கள். இளஞ்சூட்டு நீரில் மென்மையான சோப்புக் கரைசலே போதும். பிழியாமல், துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, மொட்டைமாடி வெயிலில் அல்ல, நிழலில் படுக்கப்போட்டு உலர்த்துங்கள்.